எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை, நியூ சவுத் வேல்ஸில் டூங்கபி என்ற இடத்தில், அந்த மேசையடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகன். மெல்பேர்னில், ரோவில் என்ற இடத்தில் இருந்து முதல் நாள் காரில் வந்தவர். செத்துப்போன அப்பாவின் கதிரையில் இருந்தார்.

மகனின் மனைவி. அவருக்கு முன்னால் வீடு விற்கும் ஏஜென்ட் கொடுத்த படிவம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது.

மகளின் கணவர். இவர் அமெரிக்காவில். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தார்.

நான். புல் வெட்டுகிறவன். வான் வைத்திருக்கிறேன். வீட்டுச் சாமான்களை மெல்பேர்னுக்கு ஏற்ற எத்தனை ஓட்டம் வேண்டும் என்று பார்த்துச் சொல்ல மகன் கூப்பிட்டிருந்தார். கதவடியில் நின்றேன்.

அவர். எழுபத்து மூன்று வயது. வீட்டுக்காரி. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இருக்கிறவர்களுக்குச் சங்கடம். எல்லாரும் அன்ரி என்றார்கள். என்னைவிடப் பதினேழு வயதுதான் கூட. நானும் அன்ரி என்றே கூப்பிட்டேன்.

விசயம் இதுதான். அன்ரி இருந்த யுனிட் வீட்டை விற்க வேண்டும். விற்ற காசை மகனிடம் கொடுக்க வேண்டும். மகன் ரோவிலிலேயே பெரிய வீடு வாங்குவார். அதில் கீழே ஒரு அறை அன்ரிக்கு. படிவத்தில் கையெழுத்து விழுந்தால் திங்கட்கிழமை ஏஜென்ட் வாசலில் விற்பனைப் பலகை நடுவார்.

ஏன் விற்க வேண்டும் என்பதற்கு மகன் சொன்ன காரணம் வரி.

"அம்மா, இந்த ஸ்டேட்டிலை பென்சன் எடுக்கிற ஆக்களுக்கு ஸ்டேட் வரி இருக்கு. விக்டோரியாவிலை இல்லை. நீங்கள் இஞ்சை இருக்க இருக்க நட்டம்."

"எனக்கு ஒருநாளும் வெட்டயில்லையே மோனை."

"இன்னும் பிடிக்கயில்லை. ஒருநாள் எல்லாத்தையும் சேத்து, வட்டியோடை பிடிப்பாங்கள். அத்தானைக் கேளுங்கோ."

போனுக்குள் இருந்த மருமகன் தலையாட்டினார்.

"ஓம் மாமி. நாங்கள் இருக்கிற ஸ்டேட்டிலை பென்சனுக்கு வரி. ஆத்தைத் தாண்டினால் அடுத்த ஸ்டேட்டிலை ஒரு சதமும் இல்லை. எங்கடை ஆக்கள் ரிட்டயர் பண்ணின கையோடை வீட்டை வித்திட்டு அங்காலை போயினம். தெரிஞ்ச ஆக்கள் எல்லாம் அப்பிடித்தான் செய்யினம்."

அன்ரி மூக்குக் கண்ணாடியைப் போட்டார். படிவத்தை இழுத்து எடுத்தார். எட்டுப் பக்கம். எட்டையும் வாசித்தார். தேத்தண்ணி ஆறியது. கடைசிப் பக்கத்தை வைத்துவிட்டு அவர் கேட்டது ஒரு கேள்வி.

"இதிலை வரியைப் பற்றி ஒண்டும் இல்லை. இந்த ஸ்டேட் என்ரை பென்சனிலை வரி எடுக்கும் எண்டு எங்கை எழுதியிருக்கு?"

மகன் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை.

"ரெண்டு கிழமை தாங்கோ," என்றார் அன்ரி. "பாத்திட்டுச் சொல்லுறன்."

எங்கே எழுதியிருக்கிறது. இந்தக் கேள்வியைத் தெரியாதவர் டூங்கபியிலும் மெரிலேண்ட்ஸிலும் எங்கள் ஆட்களில் குறைவு. அவரிடம் யார் என்ன சொன்னாலும் அதைத்தான் கேட்பார். பாதரிடம் கேட்டிருக்கிறார். டாக்டரிடம் கேட்டிருக்கிறார். கத்தரிக்காய் விலை கூடிவிட்டது என்ற கடைக்காரரிடம் விலை எழுதிய மட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னார்.

எங்கள் ஆட்களுக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. நாங்கள் கேள்விப்பட்டதில் வாழ்கிறவர்கள். ஒரு வீட்டில் ஒருவர் லண்டனில், ஒருவர் கனடாவில், ஒருவர் இங்கே. ஒரு நாட்டின் கதை போனில் ஏறி இன்னொரு நாட்டில் இறங்கும். கனடாவில் குளிருக்கு டயர் மாற்றாவிட்டால் தண்டம் என்று தம்பி சொன்னதைக் கேட்டு, மெரிலேண்ட்ஸில் ஒருவர் நாலு டயரும் மாற்றினார். மெரிலேண்ட்ஸில் பனி கொட்டி யாரும் கண்டதில்லை. கடையில் இருந்த பையன் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை முதியோர் கூட்டத்தில் அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அன்ரி மட்டும் கேட்டார்.

"அண்ணை, இந்த நாட்டிலை அது எங்கை எழுதியிருக்கு?"

அந்த அண்ணை ஆறு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

அன்ரி ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். கவுண்டரில் இருபத்தொரு வருடம். இங்கே வந்த பிறகு கோழித் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம். கோழியை வெட்டித் தட்டில் அடுக்கிப் பிளாஸ்டிக் சுற்றுகிற வேலை. குளிர் அறை. விரல்கள் அங்கேதான் வளைந்தன.

அங்கே ஒரு மேற்பார்வைக்காரன். ஒரு வேலை நேரத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் கழிப்பறைக்குப் போகக்கூடாது என்று பெண்களிடம் சொன்னான். வாயால்தான் சொன்னான். அன்ரி தன் தபால் கந்தோர் இங்கிலீசில், அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். அடுத்த நாள் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அன்ரி கையுறையைக் கழற்றிவிட்டு அதை முழுக்க வாசித்தார். பிறகு அவனைக் கூப்பிட்டு, இதில் கையெழுத்து இல்லை, யாருடைய உத்தரவு இது, கையெழுத்தைப் போட்டுத் தா என்றார். மூன்றாம் நாள் தாள் இல்லை. பெண்கள் வேண்டிய நேரம் போய்வந்தார்கள். அன்ரியை அவன் ஒரு வருடம் ஈரல் பக்கத்துக்கு மாற்றிவிட்டான். நாற்றம் பிடித்த பக்கம்.

"மாத்தினது எழுத்திலை வந்தது," என்றார் என்னிடம். "அதாலை போனனான்."

என்னிடமும் ஒரு தடவை கேட்டார். அதற்கு நான் விலை கொடுத்தேன்.

அப்போது நான் புல் வெட்டவில்லை. ஒருவரிடம் கட்டடம் துப்புரவு செய்தேன். எங்கள் ஆள்தான். சம்பளம் கையில் தருவார். ஓய்வுக்காலத்துக்கு முதலாளி கட்டவேண்டிய பணத்தைக் கட்டவில்லை. இப்படி வேலை செய்கிறவர்களுக்கு அது இல்லை என்றார். நான் அதை அன்ரியிடம் சொன்னேன். அவர் வழக்கம்போலக் கேட்டார். நான் போய் முதலாளியிடம் அதையே கேட்டேன்.

"ஆர் உனக்கு இதெல்லாம் சொல்லித் தாறது?" என்றார் முதலாளி. அடுத்த கிழமை எனக்கு வேலை இல்லை.

இரண்டு மாதம் அன்ரி வீட்டுப் பக்கம் போகவில்லை. ஒருநாள் மெரிலேண்ட்ஸில் மீன்கடையில் கண்டார்.

"கோவமோ தம்பி?"

"வேலை போட்டுது அன்ரி."

"வேலை போனது பிழைதான். கேட்டது பிழையில்லை. வா, படிவம் நிரப்புவம்."

மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. விளமீனைக் கழுவச் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வரிக் கந்தோருக்கு அனுப்புகிற முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்ப நாலு பின்னேரம் எடுத்தது. பதினொரு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய முதலாளி கட்டாமல் விட்டதைக் கட்டியிருந்தார். அறுபத்தேழு வயதில் எனக்கும் கொஞ்சம் இருக்கும்.

பென்சன் விசயத்திலும் அவர் இப்படித்தான். ஊரில் இருந்து அவருக்கு ஒரு சின்னப் பென்சன் வந்தது. தபால் கந்தோர்ப் பென்சன். இந்த நாட்டுக் காசுக்கு மாற்றினால் ஒரு கிழமை மரக்கறிக்கும் மீனுக்கும் காணும். அப்படி ஊர்ப் பென்சன் எடுக்கிறவர்கள் எங்களில் பலர். அதை இங்கே பென்சன் கந்தோருக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் இங்கத்தைய பென்சனை வெட்டிவிடுவார்கள் என்று பயம். யாரோ யாருக்கோ வெட்டினதாகக் கேள்வி. அன்ரி முதல் கிழமையே சொல்லிவிட்டார். எல்லாரும் அவரை விசர் என்றார்கள். பென்சன் கந்தோர் அதைப் பதிந்து, கழிக்க எதுவும் இல்லை என்று கடிதம் போட்டது. அவ்வளவு சின்னக் காசு அது. அந்தக் கடிதத்தைப் புதன்கிழமை கூட்டத்துக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்.

"எழுத்திலை இருக்கு. பாருங்கோ."

ஒருவரும் தொடவில்லை. தொட்டால் தாங்களும் சொல்ல வேண்டி வரும்.

அந்த ஊர்ப் பென்சனுக்கு வருடம் ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று சான்றிதழ் அனுப்ப வேண்டும். நூலகத்தில் சமாதான நீதவான் ஒருவர் இருப்பார். அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை நான்தான் கூட்டிப் போனேன். நீதவான் நல்ல மனிதர், அவசரக்காரர். முகத்தைப் பார்க்காமலே முத்திரையைக் குத்தப் போனார். அன்ரி தாளின் மேல் கையை வைத்தார். பாஸ்போட்டைத் திறந்து, முதலில் படத்தைப் பார், பிறகு என்னைப் பார் என்றார். பார்க்காமல் போட்டால் செத்தவளுக்கும் போடுவாய் என்றார். நீதவான் பார்த்தார். எழுந்து நின்று கை கொடுத்தார்.

இதை எல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். எல்லா நேரமும் சிரிப்பில்லை.

அவருடைய கணவர் ஆஸ்பத்திரியில் செத்தவர். வலி இல்லாமல் போனார் என்று அங்கே சொன்னார்கள். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார்கள். கேட்டு அழுதுவிட்டு வருவோம். அன்ரி ஆஸ்பத்திரிக் குறிப்பு முழுவதையும் எழுதிக் கேட்டு எடுத்தார். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் வாசித்தார். நான் புல் வெட்டப் போன ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"வலி இருந்திருக்கு தம்பி. நாலு மணித்தியாலம். மருந்து பிந்தித்தான் குடுத்திருக்கினம்."

"இதை ஏன் அன்ரி தேடிப் பிடிச்சனீங்கள்? இனி என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்ய ஏலாது."

"பின்னை?"

"அந்தாள் நாலு மணித்தியாலம் பட்டது. ஆருக்கும் தெரியாமல் போகட்டோ?"

என் மனைவிக்கு இதைச் சொன்னபோது அவர் நெஞ்சில் சிலுவை போட்டார். அந்த மனிசிக்கு மனம் கல்லோ என்றார். எனக்கும் அப்படித் தோன்றியது. கொஞ்ச நாள் அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவர் தந்த வேலைக்கு நான் ரசீது கொடுக்க வேண்டும். முப்பது டொலருக்கும் ரசீது. என் எழுத்து வடிவில்லை. வடிவு கேட்கயில்லை, எழுத்துக் கேட்டனான் என்பார்.

சரி, இரண்டு கிழமைக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போனோம். அது வரிக் கணக்குக் கொடுக்கிற காலம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சும்மா செய்து கொடுக்க ஒரு கிழவர் இருந்தார். வெள்ளைக்காரர், காது கேட்கிற மிசின் போட்டவர். அன்ரி முன்னால் இருந்து, நியூ சவுத் வேல்ஸ் என் பென்சனில் எவ்வளவு வரி எடுக்கும் என்று கேட்டார். கிழவருக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்டார். அன்ரி திருப்பிச் சொன்னார். கிழவர் காது மிசினைத் திருகினார்.

ஸ்டேட்டோ, என்றார். இந்த நாட்டில் வருமான வரி எடுப்பது ஒரே அரசாங்கம். கன்பராவில் இருப்பது. ஸ்டேட்டுகள் எடுப்பதில்லை. இங்கேயும் இல்லை, விக்டோரியாவிலும் இல்லை, ஒரு ஸ்டேட்டிலும் இல்லை. நான் பிறக்கும் முன்பே நின்றுபோனது அது.

கன்பரா என்னிடம் எடுக்குமா என்று அன்ரி கேட்டார். கிழவர் அவருடைய தாள்களைப் பார்த்தார். பென்சன் வரிக் கணக்கில் சேரும்தான், ஊர்ப் பென்சனும் சேரும், ஆனால் உங்கள் வயதுக்காரருக்கு ஒரு கழிவு இருக்கிறது, அதைக் கழித்தால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்றார். தொழிற்சாலை சேர்த்த ஓய்வுப் பணத்தை எடுத்தால் அதற்கும் உங்கள் வயதில் வரி இல்லை என்றார்.

"இதை எழுதித் தாங்கோ," என்றார் அன்ரி. இங்கிலீசில்தான்.

எழுதித்தர எனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் அரசாங்கம் எழுதியதை அச்சடித்துத் தரலாம் என்றார் கிழவர். ஆறு தாள் வந்தது. அன்ரி அங்கேயே வாசித்தார். கிழவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாங்கள் எழும்பும்போது, ஏன் இதைக் கேட்கிறாய் என்றார். மகன் மெல்பேர்னில் வீடு வாங்கப் போகிறான் என்று அன்ரி சொன்னார். கிழவர் சிரித்தார்.

அப்போதுதான் விக்டோரியா எடுக்கும் என்றார். வீடு வாங்குகிறவனிடம் முத்திரை வரி. நன்றாக எடுக்கும்.

அதற்கும் தாள் வாங்கினார்.

வியாழக்கிழமை பென்சன் கந்தோர். நம்பர் எடுத்து ஒன்றேமுக்கால் மணித்தியாலம் இருந்தோம். கவுண்டரில் ஒரு பிள்ளை. இந்தியப் பிள்ளை, தமிழ் இல்லை. அன்ரி கேட்டது நேரான கேள்வி. இப்போது நான் இருக்கிற வீடு பென்சனுக்குப் பார்க்கிற சொத்துக் கணக்கில் வருமா?

வராது. இருக்கிற வீடு கணக்கில் இல்லை.

விற்றுக் காசை மகனுக்குக் கொடுத்தால்?

அந்தப் பிள்ளை தட்டச்சை நிறுத்தியது. பெரிய தொகையைச் சும்மா கொடுத்தால், அந்தக் காசு ஐந்து வருடத்துக்கு உங்களிடமே இருப்பதாகத்தான் நாங்கள் பார்ப்போம் என்றது. பென்சன் குறையும். நின்றும் போகலாம். மகன் வீட்டில் சாகும்வரை இருக்க உரிமை என்று முறையாக எழுத்தில் செய்தால் வேறு விதமாகப் பார்ப்போம். அப்படி எழுதியிருக்கிறார்களா?

"இல்லை," என்றார் அன்ரி. "ஒரு அறை எண்டு வாயாலை சொன்னவன்."

இதைத் தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னார். முதல்முறையாக அவர் குரல் கொஞ்சம் இறங்கியதைக் கேட்டேன்.

சும்மா எவ்வளவு கொடுக்கலாம் என்று கடைசியாகக் கேட்டார். வருடத்துக்குப் பத்தாயிரம், ஐந்து வருடத்துக்கு மொத்தம் முப்பதாயிரம், அதற்குள் என்றால் நாங்கள் கேட்க மாட்டோம் என்றது பிள்ளை. அச்சடித்துக் கொடுத்தது. அன்ரி அந்தப் பிள்ளையின் பெயரையும் திகதியையும் தாளின் மூலையில் எழுதிக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியில் வானில் தாள்களை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பி வாசித்தார். வீட்டடியில் இறங்கும்போது கேட்டார்.

"சாமான் ஏத்த எத்தினை ஓட்டம் எண்டு சொன்னனீ?"

"ரெண்டு அன்ரி. கட்டிலைக் கழட்டினால் ஒண்டரை."

"உனக்கு வேலை போகப்போகுது."

"பரவாயில்லை."

இரண்டாவது ஞாயிறு. அதே ஆட்கள். போன் அதே சீனிப் போத்தலில். மகன் பேனையைத் திறந்து வைத்திருந்தார். என்னை அன்ரி கூப்பிட்டிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை.

அவர் தாள்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு.

"இஞ்சை ஸ்டேட் வரி இல்லை. விக்டோரியாவிலையும் இல்லை. ரெண்டும் ஒண்டுதான். இது அதுக்கு. ஆனால் நீ பெரிய வீடு வாங்கேக்கை விக்டோரியா உன்னட்டை எடுக்கும். இது அதுக்கு. நான் வித்து உனக்குத் தந்தால் என்ரை பென்சன் போகும். இது அதுக்கு. நான் சும்மா இதிலை இருந்தால் ஆருக்கும் ஒண்டும் இல்லை."

மருமகன் போனுக்குள் இருந்து, "மாமி, உலகம் முழுக்க ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வித்தியாசம்தான்," என்றார்.

"தம்பி, நீங்கள் இருக்கிற இடத்துக்கு நீங்கள் சொன்னது சரியாய் இருக்கும். அதை உங்கை வைச்சிருங்கோ."

மருமகனின் முகம் அப்படியே நின்றது. நெட்வேர்க் போனதோ, அவருக்குச் சொல் வரவில்லையோ தெரியாது.

மகன் தாள்களைத் தொடவில்லை.

"அம்மா, நான் உங்கடை மகன். என்னட்டையே பேப்பர் கேக்கிறியளோ?"

"உன்னட்டைக் கேக்கயில்லை மோனை. நீ கொண்டுவந்த கதையிட்டைக் கேக்கிறன்."

"நான் உங்களை ஏமாத்த வந்தனான் எண்டு நினைக்கிறியள்."

"இல்லை. நீயும் அதை நம்பினனீ. நம்பினால் உனக்கு வசதி."

மருமகள் வாய் திறந்தார். அழுகிற குரல்.

"மாமி, உங்களைத் தனிய விட ஏலாமல்தானே கேட்டனாங்கள். விழுந்து கிடந்தால் ஆர் பாக்கிறது?"

"அதைச் சொல்லியிருக்கலாம் பிள்ளை. பாக்க வேணும், வாங்கோ எண்டு கேட்டிருந்தால் நான் யோசிச்சிருப்பன். வரி எண்டு சொன்னியள்."

மகன் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார்.

"லோன் இறுக்குது அம்மா. வட்டி ஏறிப்போச்சு. ரெண்டு பேற்றை சம்பளமும் காணாது. உங்கடை காசு இருந்தால் எல்லாத்தையும் சேத்து ஒரு வீடாக்கி மூச்சு விடலாம் எண்டு பாத்தனான்."

"இதுதான் விசயம்," என்றார் அன்ரி. "இதையும் சொல்லியிருக்கலாம்."

அவர் கடைசித் தாளை எடுத்து மகன் பக்கம் தள்ளினார்.

"இதிலை எழுதியிருக்கு. வருசத்துக்குப் பத்தாயிரம். மொத்தம் முப்பது. கோழி வெட்டிச் சேத்த காசு கிடக்கு. அதிலை முப்பதும் தாறன், மூண்டு வருசமாய். வீட்டைத் தரமாட்டன்."

"முப்பதாயிரத்திலை என்ன வீடு வாங்கிறது?"

"வாங்காதை. இருக்கிறதிலை இரு. நானும் இருக்கிறதிலை இருக்கிறன்."

மகன் எழும்பினார். பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அன்றைக்கே ரோவிலுக்குப் போனார்கள். ஒன்பது மணித்தியால ஓட்டம். சாப்பிடாமல் போனார்கள். மூன்று பேருக்கு வைத்த கணவாய்க் கறியை அன்ரி எனக்குப் போட்டுத் தந்தார். தானும் சாப்பிட்டார். ஆனால் சோற்றுக்கு இரண்டு முறை உப்புப் போட்டார்.

அந்தப் படிவத்தை அவர் கிழிக்கவில்லை. கையெழுத்து இல்லாத இடங்களில் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டுகளைக் கழற்றிவிட்டு, கோழித் தொழிற்சாலையில் கிடைத்த வெள்ளை அட்டைப் பெட்டி ஒன்றில் வைத்தார்.

ஒன்றரை வருடம் மகன் வரவில்லை. பேரப்பிள்ளைகள் போனில் வரவில்லை. நத்தார்ப் பண்டிகை வந்து போனது. கோயிலில் ஆட்கள் பலவிதமாகக் கதைத்தார்கள். பெற்ற பிள்ளையிடம் தாள் கேட்டவள் என்றார்கள். சாகும்போது அந்தத் தாள்தான் தண்ணி கொடுக்கும் என்று ஒருவர் அவர் காதுபடச் சொன்னார். அன்ரி திரும்பி நின்றார்.

"தண்ணி நானே எடுத்துக் குடிப்பன். பைப் என்ரை வீட்டிலை இருக்கு."

ஆனால் சனிக்கிழமைகளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒளித்து ஒளித்து, கையில் கடிதத்தோடு. பெரியவர்கள். பிள்ளைகள் இங்கே கையெழுத்துப் போடு என்றார்கள், என்னென்று பாருங்கோ அன்ரி. டயர் மாற்றிய அண்ணையும் வந்தார். அவருக்கும் அதே கதையை யாரோ சொல்லியிருந்தார்கள். மெல்பேர்னுக்குப் போனால் பென்சனுக்கு வரி இல்லை. எங்கள் அன்ரியின் மருமகன் போனில் சொன்னது எத்தனை வீடு ஏறி இறங்கியதோ. புல் வெட்டும்போது யன்னலால் கேட்கும். எங்கை எழுதியிருக்கு, எங்கை எழுதியிருக்கு என்று ஒரே குரல்.

இரண்டாம் வருடம் மகன் போன் எடுத்தார். நான் மிசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். அன்ரி குசினிக்குள் நின்று கதைத்தார்.

"சொல்லு மோனை... ஓம்... அந்தக் காசுதானே. தாறன் எண்டால் தாறன்தான்... ஒரு கடிதம் போடு. என்னத்துக்கு வேணும் எண்டு உன்ரை கையாலை எழுது."

அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. அன்ரியும் போனை வைக்கவில்லை.

கடிதம் ஒரு கிழமையில் வந்தது. அன்ரி எனக்கு அதைக் காட்டவில்லை. ஒரு பக்கம்தான் என்றார். உண்மையாய் எழுதியிருக்கிறான் என்றார். அன்றைக்கே வங்கிக்குக் கூட்டிப் போனேன். வருடத்துக்குப் பத்தாயிரமாக, மூன்று வருடமும் அதே மாதத்தில் அனுப்பினார். மகன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை வந்தார். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ரோவிலில் பழைய வீட்டில்தான் இருந்தார். வீட்டைப் பற்றிக் கதை வரவில்லை.

அன்ரி விழுந்தார்தான். ஒருமுறை குளியலறையில். அவராகவே ஊர்ந்துபோய் போனை எடுத்தார். அம்புலன்ஸ்காரரிடம் என்ன ஊசி, எவ்வளவு என்று கேட்டு எழுதவைத்தார். இடுப்பெலும்பு பொருந்தி வீட்டுக்கே திரும்பி வந்தார். தடி பிடித்து நடந்தார். நான் புல் வெட்ட, கதிரையைப் போட்டு இருந்து பார்ப்பார். மூலையில் விட்டுவிட்டாய் என்பார்.

கடைசியில் இருதயம். தன் கட்டிலில். விடிய ஏழு மணிக்குப் பக்கத்து யுனிட்காரி தேத்தண்ணிக்குக் கதவைத் தட்டியபோது தெரிந்தது. டாக்டர் வந்து, நித்திரையில் போய்விட்டார், வலி இருந்திராது என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் துணிவு இல்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மகன் யுனிட்டைத் திறந்தார். என்னை வானோடு வரச் சொன்னார். கட்டில், மேசை, பெட்டிகள். ஏற்றி முடிய மகன் வெறும் அறை நடுவில் நின்றார். தலைமயிர் நரைத்திருந்தது.

"அண்ணை, நீங்கள்தானே ஒவ்வொரு கிழமையும் வந்து போனனீங்கள். அந்த ஞாயிறுக்குப் பிறகு அம்மா இதிலை எவ்வளவு காலம் இருந்தவ?"

நான் வாசற்படியில் இருந்து விரலில் எண்ணினேன். அவர் காத்துக்கொண்டு நின்றார். எண்ணி முடித்துச் சொன்னேன்.

ஏழு வருடம், நான்கு மாதம்.